கண்வெள்ளையில் விழுந்த நிழல்

பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய காலையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை நிறுத்தி நர்ஸம்மா ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார்.

"பிள்ளை மஞ்சளா மாறுதான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க. மாறுச்சுன்னா யோசிக்காம தூக்கிட்டு வந்துரணும்."

நான் தலையாட்டினேன். ஜன்னல்கள் வழியாகக் கொட்டிய வெயிலில் என் கண்கள் முக்கால்வாசி மூடிக்கிடந்தன. நான் போட்டிருக்கும் கண்ணாடி கருஞ்சிவப்பாம். பார்க்கிறவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதற்குள்ளிருந்து குனிந்து மகளைப் பார்த்தேன். மஞ்சளை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. வேறு எந்த நிறத்தையும் பார்த்ததில்லை.

நர்ஸம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. பிரசவத்துக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு ஷிப்டுக்கும் என் கண்ணைப் பற்றிப் பாடம் எடுத்து அலுத்துப்போயிருந்தேன். அம்மா கூடவே இருக்கிறாள், அவளுக்கு மஞ்சள் தெரியும், போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைப் போன்ற கண்ணோடு பிள்ளை வளர்க்கப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலில் அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருப்பது முழு நிறக்குருடு. விழித்திரையில் (கண்ணின் உட்பக்கம் ஒளி வந்து விழும் சவ்வு) இரண்டு வகைச் செல்கள் உண்டு. பகல் வெளிச்சம், நிறம், நுணுக்கமான பார்வை ஆகியவற்றைக் கூம்பு செல்கள் பார்த்துக்கொள்ளும். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பது குச்சி செல்களின் வேலை. எனக்குக் கூம்பு செல்கள் வேலை செய்வதில்லை. குச்சி செல்களை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறேன்.

நிறம் தெரியாதது இதில் சின்னக் கஷ்டம்தான். தூரத்து எழுத்து தெரியாது. கண்மணி நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரியது வெயில். மத்தியான வெளிச்சத்தில் எனக்கு உலகமே வெளுத்துக் காணாமல் போய்விடும். திண்டுக்கல்லில் பிறந்துவிட்டு வெயிலைப் பகைத்துக்கொண்டால் எங்கே போய் ஒளிவது?

எட்டு வயதுவரை எனக்கு என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினால் பழிப்புக் காட்டுகிறேன் என்று அடி விழும். அந்த வருடத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும்போது அம்மா என்னையும் கூட்டிப்போனாள். எங்கள் ஊர்க் கூட்டம் முழுவதும் பச்சை உடுத்தியிருந்தது. "பச்சை உடுத்துனவங்க பின்னாடியே வரணும், வேற யார் பின்னாடியும் போகக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். நானும் சொல் தட்டாமல் நடந்தேன், காவி உடுத்திய வேறு ஊர்க் கூட்டத்தின் பின்னால்.

ஒரு அன்னதானப் பந்தலில் என்னைக் கண்டுபிடித்த அம்மா முதலில் அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். "பச்சைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி!" என்றாள். நான் காவி உடுத்தியவர்களைக் கைகாட்டி, "இதுவும் பச்சைதானம்மா?" என்று கேட்டேன். அவள் அழுகை சட்டென்று நின்றது. பழனியிலிருந்து திரும்பியதும் என்னை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கேதான் பெயர் தெரிந்தது, காரணமும் தெரிந்தது. அம்மா தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். ஒரே குடும்பத்தில் ஓடிய ஒரு குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து என்னிடம் சேர்ந்திருந்தது. அதனால் எனக்குச் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்க்க அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து, எங்களுக்கு எந்த உறவுமில்லாத ஒருவரைத் தேடிப்பிடித்தாள். என் கண் மகளுக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு என்று கர்ப்பமாக இருந்தபோதே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பயம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அந்த ஒட்டன்சத்திரத்துக்காரர் பேச்சுக்கு ஒரு கிண்டல் வைத்திருப்பவர். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று யாராவது சொன்னால் போதும், "எம் பொண்டாட்டிக்குக் காமாலையே வந்தாலும் மஞ்சள் தெரியாதுங்க" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. சாணார்பட்டி பக்கம் எங்கள் வீடு. சுற்றிலும் மல்லிகைத் தோட்டம். மூன்றாம் நாள் காலையில் அம்மா பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். தொப்புள் விழும்வரை வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. பெண் பிள்ளை என்பதால் கஸ்தூரி மஞ்சளையும் பாசிப்பயற்று மாவையும் குழைத்து உச்சியிலிருந்து பாதம்வரை தேய்த்தாள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளை இப்படித்தான் குளிப்பாட்டுவார்கள். மஞ்சள் வாசனையோடு துணியில் சுற்றி என் மடியில் கொடுத்தாள்.

அன்று பகல் முழுவதும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். "மஞ்சக் கிழங்காட்டம் இருக்கா, கண்ணு படப்போவுது." அம்மா பூரித்துப்போனாள். நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் பிள்ளை பால் குடிப்பது குறைந்திருந்தது. வாயில் வைத்ததும் தூங்கிப்போனாள். பாதத்தைச் சுண்டினால் சிணுங்கி, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி தூங்கினாள். அம்மா இதற்கும் காரணம் வைத்திருந்தாள். குளித்த அசதியாம்.

பொழுது சாய்ந்தது. எனக்கு அதுதான் விடியல். கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். வெளிச்சம் அடங்க அடங்க என் உலகம் திரண்டு வரும். நிறமில்லாத உலகம் என்றால் பழைய டிவிப் படம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாம்பலுக்குள் எத்தனை சாம்பல் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வார்த்தை போதாது. மொட்டு ஒரு வெள்ளை, விரிந்த பூ வேறு வெள்ளை, நேற்றைய பூ இன்னொரு வெள்ளை. மற்றவர்கள் நிறத்தை வைத்துப் பிரிப்பதை நான் வெளிச்சத்தின் அளவை வைத்துப் பிரிக்கிறேன்.

அந்த நேரத்தில் மகள் கண்ணைத் திறந்தாள். முதல் நாள் சாயங்காலம் அவள் கண்வெள்ளையைப் பார்த்து, இவ்வளவு வெளிச்சமான ஒன்று என் உடம்புக்குள்ளிருந்தா வந்தது என்று மலைத்துப்போயிருந்தேன். இப்போது அந்த வெள்ளை மங்கியிருந்தது. கோடி வேட்டிக்கும் பழுப்பேறிய வேட்டிக்கும் உள்ள வித்தியாசம். என் கண்ணை நான் லேசில் நம்புகிறவள் அல்ல. ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

"அம்மா, இங்க வா. குனிஞ்சு உங் கண்ணைக் காட்டு."

"எங் கண்ணுல என்னடி இருக்கு?" என்றபடி குனிந்தாள். அவள் கண்வெள்ளையைப் பார்த்தேன், பிள்ளையின் கண்வெள்ளையைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதுக் கண் பளிச்சென்று இருந்தது. பிறந்து மூன்று நாளான கண்ணில் நிழல் விழுந்திருந்தது.

"பிள்ளைக்கு மஞ்சள் ஏறுதும்மா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அம்மா சிரித்துவிட்டாள். "நீயாடி சொல்ற? மஞ்சன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? அம்புட்டு மஞ்சளத் தேச்சுக் குளிப்பாட்டிருக்கேன், பிள்ளை மஞ்சளா இல்லாம வேற எப்படி இருக்கும்?"

"கண்ணுக்குள்ளயுமா தேச்ச?"

அம்மா டியூப் லைட்டைப் போட்டாள். எனக்குக் கண் கூசி எல்லாம் வெளுத்தது. பிள்ளையின் இமையை விரலால் மெல்ல விலக்கிப் பார்த்தாள் என்று அவள் கை அசைவை வைத்துத் தெரிந்துகொண்டேன். பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னாள்.

"லேசா இருக்கத்தான் செய்யுது தாயி. காலையில இளவெயில்ல செத்த நேரம் காட்டுனாச் சரியாப் போகும். நீயும் பச்ச ஒடம்புக்காரி, இந்நேரத்துல அலையக் கூடாது."

அவள் சொன்னதில் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருடம் யாராவது நிறத்தைப் பற்றிப் பேசினால் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். சேலை எடுப்பதிலிருந்து தக்காளி பொறுக்குவதுவரை அடுத்தவர் சொல்லுக்குத் தலையாட்டியே பழகியவள். அன்று முடியவில்லை. "வெயில் வர்ற வரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன், நீ வரலைன்னா தனியாப் போறேன்" என்று கத்தினேன். கணவருக்குப் போன் போட்டேன். அவர் பூ மார்க்கெட்டுக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். நல்லவேளையாகத் திண்டுக்கல்லில்தான் இருந்தார்.

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் புள்ள. வந்துட்டே இருக்கேன், கெளம்பி நில்லு." கிண்டல் எதுவும் இல்லாத அவர் குரலை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

மல்லிகை மணக்கும் அந்த வண்டியில்தான் போனோம். குழந்தைகள் நல மருத்துவர் பிள்ளையின் நெற்றியையும் நெஞ்சையும் அழுத்திப் பார்த்தார். உள்ளங்காலைப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் அவர் பேச்சு வேகமானது.

பிலிருபின் (ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் நிறக் கழிவு) மிக அதிகமாக இருந்தது. பிறந்த குழந்தைகளுக்கு இது கொஞ்சம் ஏறுவது சகஜம்தான். ஆனால் என் ரத்தம் ஓ வகை, மகளுடையது பி. என் உடம்பிலிருந்து அவளுக்குள் போன எதிர்ப்புப் பொருள்கள் அவளுடைய சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருந்தன. இன்னும் ஏறினால் பிலிருபின் மூளைக்குள் இறங்கிவிடும். அப்புறம் காது கேட்காமல் போகலாம், கைகால் வராமல் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். என் கண்ணை நினைத்து இத்தனை வருடம் பயந்த எங்கள் வீட்டில் என் ரத்தத்தை நினைத்து ஒருவரும் பயந்ததில்லை.

"ஒளி சிகிச்சை உடனே ஆரம்பிக்கிறோம். காலையில மறுபடி டெஸ்ட். இறங்கலைன்னா ரத்தத்தை மாத்த வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த என் கணவரின் பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது.

டாக்டர் கேட்டார். "உடம்பெல்லாம் மஞ்சள் தேச்சிருக்கே, இதுக்குள்ள யாரு கண்டுபிடிச்சது?"

அம்மா என்னைக் காட்டினாள். ஆஸ்பத்திரி வெளிச்சத்துக்காக மறுபடி மாட்டியிருந்த என் கண்ணாடியையும் ஆடும் கண்களையும் டாக்டர் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"உங்களுக்கு நிறம் தெரியுமா?"

"தெரியாது சார். கண்வெள்ளை இருட்டாத் தெரிஞ்சுது. அதான் பயந்துட்டேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மஞ்சள் சாயம் நீல வெளிச்சத்தை விழுங்கிடும். குச்சி செல்லுக்கு நல்லாத் தெரியுறது அந்தப் பக்கத்து வெளிச்சம்தான். அது திரும்பி வரலைன்னா உங்களுக்கு அந்த இடம் இருண்டுதான் போகும். இப்படி ஒரு ஆள் சொல்லி நான் கேட்டதில்ல. ஆனா கணக்குச் சரியா வருது. நல்ல நேரத்துல கொண்டாந்துட்டீங்க" என்றார்.

இதைப் படிக்கும் யாரும் என் வழியை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், சிறுநீர் குறைந்தால், அழுகை கிறீச்சென்று மாறினால், நிறம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இளவெயிலுக்குக் காத்திருக்காதீர்கள். பிள்ளை பிறந்ததும் டாக்டரிடம் "எனக்கு மஞ்சள் தெரியாது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

பிள்ளையைத் துடைத்து, இடுப்புத் துணியோடு ஒரு கண்ணாடித் தொட்டிலில் கிடத்தினார்கள். கண்களைத் துணிப்பட்டையால் மூடினார்கள். மேலே விளக்கைப் போட்டுவிட்டு, "நீல வெளிச்சம்மா, நேராப் பாக்காதீங்க" என்று சொல்லி நர்ஸ் நகர்ந்தார். நான் பார்த்தேன். தொட்டிலில் அரை இருட்டு. நான் கத்தினேன்.

"சிஸ்டர், லைட் எரியல! ஓடி வாங்க!"

நர்ஸ் ஓடிவந்தார். விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஜெகஜ்ஜோதியா எரியுதேம்மா!"

கண்ணாடியைக் கழற்றினேன். கண்ணை யாரோ அறைந்தது போல இருந்தது. என் சிவப்புக் கண்ணாடி நீலத்தை முழுவதுமாகத் தடுத்திருக்கிறது. கழற்றினால், நான் அதுவரை கண்டிராத வெளிச்சம். எனக்கு இருக்கும் செல்கள் அத்தனையும் எதற்காகக் காத்திருந்தனவோ அது அந்தத் தொட்டிலில் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணீர் வழிய வழிய, இமைகளின் இடுக்கு வழியாக ஒரு கணம் பார்த்தேன். அதற்கு நடுவில் என் மகள் கை இரண்டையும் விரித்துப் படுத்திருந்தாள். மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். விளக்கு அணைந்து பிள்ளை மட்டும் தெரிந்தாள்.

அந்த ஒளி தோலுக்குள் இறங்கி மஞ்சளைக் கரைத்துச் சிறுநீரோடு வெளியே அனுப்பிவிடுமாம். மருந்தில்லை, கத்தியில்லை. வெளிச்சம் மட்டும். வெளிச்சத்தைக் கண்டு ஓடி ஓடி ஒளிந்தே வளர்ந்தவள் நான். அதே வெளிச்சத்திடம் என் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, காப்பாற்று என்று கைகூப்பி நின்றேன். எந்தக் கோயிலிலும் நான் அப்படி நின்றதில்லை.

பக்கத்தில் அம்மாவும் நின்றாள். "நான் மஞ்சளத் தேச்சு மறைச்சிட்டேனேடி" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது இன்னும் மஞ்சள் வாசனையாக இருந்தது.

காலை ரத்தப் பரிசோதனையின் முடிவோடு டாக்டர் வந்தபோது நாங்கள் மூவரும் எழுந்து நின்றோம். "இறங்க ஆரம்பிச்சிருச்சு. ரத்தம் மாத்த வேண்டாம்." என் கணவர் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். தோள் குலுங்கியது தெரிந்தது. அதற்குப் பிறகும் விளக்கின் கீழ்தான் பிள்ளை கிடந்தாள். பால் கொடுக்கும்போது மட்டும் என் மடிக்கு வருவாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தாள். பிறகு ஒரு தடவை, பசி தாங்காமல் வார்டே அதிரும்படி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நாங்கள் சிரித்தோம்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் அவள் காதையும் கண்ணையும் பரிசோதித்தார். எல்லாம் நன்றாக இருந்தது. போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"பிறந்த பிள்ளைகளுக்குக் கூம்பு செல் முழுசா வளர்ந்திருக்காது. இப்ப இவளுக்கும் நிறம் சரியாத் தெரியாது. மங்கலா, வெளிச்சமும் நிழலுமாத்தான் பாப்பா. போகப் போகத் தெரியும்."

"அப்ப இவ பாக்குறது நான் பாக்குற மாதிரியா சார்?"

"ஏறக்குறைய அப்படின்னு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். நான் பிள்ளையோடு அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

என்னைப் போல் பார்க்கும் ஒருவரை நான் சந்தித்ததே இல்லை. இப்போது ஒருத்தி என் கையில் இருந்தாள். இந்த உலகத்துக்கு வரும் ஒவ்வொரு உயிரும் முதலில் என் ஊருக்குத்தான் வருகிறது, கொஞ்ச காலம் தங்கிவிட்டுத்தான் மேலே போகிறது என்று தோன்றியது. என் கண்ணில் இருப்பதைக் குறை என்றே சொல்லிப் பழகியிருந்தேன். எல்லோரும் ஒரு காலத்தில் இருந்துவிட்டு மறந்துபோன இடத்தில்தான் நான் வசிக்கிறேன்.

அதன்பின் வந்த மாதங்களை நான் வேறு விதமாக வாழ்ந்தேன். சாயங்காலம் ஆனதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவேன். சுவரில் ஆடும் தென்னங்கீற்றின் நிழலை இருவரும் பார்ப்போம். என் நெற்றியும் முடியும் சேரும் கோட்டையே உற்றுப் பார்ப்பாள். எனக்கும் முகங்களில் முதலில் தெரிவது அதுதான். அம்மா தினமும் அந்நேரத்துக்கு வந்து நிற்பாள். "இன்னிக்குக் கண்ணு எப்படி இருக்கு, பாத்துச் சொல்லு" என்பாள். வெளுத்திருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் அடுப்படிக்குப் போவாள்.

பிள்ளை வளரவில்லையே என்று தாய்மார்கள் தவிப்பார்கள். நான் ஒவ்வொரு பொழுது சாயும்போதும், இன்றும் இவள் என்னோடு நிறமில்லாத ஊரில்தான் இருக்கிறாளா என்று பார்த்தேன். போய்விட வேண்டும் என்றும் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்றும் இருந்தது.

கழுத்து நின்ற சமயத்தில் என் கணவர் இரண்டு கிலுகிலுப்பைகள் வாங்கி வந்தார். ஒன்று ரோஸ், ஒன்று பச்சையாம். வடிவமும் சத்தமும் ஒன்றே. எனக்கு இரண்டும் ஒரே சாம்பல், அச்சு மாறாமல். ஆட்டாமல் கைக்கொன்றாகப் பிடித்து அவள் முன்னால் நீட்டினேன். அவள் என் வலது கையைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் கைகளை மாற்றி மறுபடி நீட்டினேன். இடது கையைப் பார்த்தாள். மாற்றினேன். வலது கைக்குத் தாவினாள்.

"என்னங்க, எதப் பாக்குறா இவ?"

"ரோஸைத்தான் புள்ள. நீ எங்கிட்டு மாத்துனாலும் ரோஸைத்தான் பாக்குறா."

என் இரண்டு கைகளையும் பார்த்தேன். அவற்றுக்கு நடுவில் நான் காணவே முடியாத ஏதோ ஒன்று இருந்தது. நான் பெற்றவள் அதைக் கண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சலித்துப்போய் அழ ஆரம்பிக்கும்வரை கைகளை மாற்றிக்கொண்டே இருந்தேன்.